அடுத்த காம்பராவின் கராம்பு வாசம்

அந்த அக்காவின் முகம் எனக்குச் சரியாக நினைவில் இல்லை. எங்கள் தோட்டத்தில் காலை எட்டு மணி வரைக்கும் பனி இறங்கி நிற்கும். எதிர் லயத்தின் கூரை தெரியும், சுவர் தெரியாது. என் ஞாபகமும் இப்போது அப்படித்தான் ஆகிவிட்டது. ஒரு மூக்கு தெரிகிறது. அதில் சிவப்புக்கல் வைத்த மூக்குத்தி தெரிகிறது. அந்த மூக்கு எதையோ முகர்வதற்காக மெல்லக் குனிகிறது. மற்றதெல்லாம் பனிக்குள் போய்விட்டது. பெயர் நினைவிருக்கிறது. எழுதினால் அவருக்குப் பிடிக்காது என்பதால் எழுதவில்லை. தோட்டத்தில் எல்லோரும் அவரைக் கராம்பு அக்கா என்றுதான் சொல்வார்கள்.

நான் லிந்துலைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள தோட்டத்துக்கு வந்தேன். இலங்கையில் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு ஓட்டுப் போடும் உரிமை இல்லை என்று ஆகி மூன்று நான்கு வருஷம் கழிந்திருக்கும். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, அதாவது பத்து அறை வீடு, உள்ள லயத்தில் கடைசிக்கு முந்தியது எங்களுடையது. கடைசிக் காம்பரா அந்த அக்காவுடையது. இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. அவர் அடுப்பில் தாளித்தால் எங்கள் வீட்டில் இருமல் வரும். எங்கள் வீட்டுச் சாமி விளக்கின் புகை அவர் வீட்டுக்குப் போகும். அவர் பக்கமிருந்து எப்போதும் வந்துகொண்டிருந்தது கராம்பு வாசம். தூக்கத்திலும் அது வரும். நான் புதுப்பெண்ணாக வந்த நாட்களில், எங்கே இருக்கிறேன் என்று விளங்காமல் விழிக்கும்போதெல்லாம் அந்த வாசம்தான் இது எந்தத் தோட்டம் என்று எனக்குச் சொல்லும்.

வந்த அன்றைக்கு லயத்துப் பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒருத்தி என் தோட்டைப் பார்த்தாள், ஒருத்தி சேலையைத் தொட்டுப் பார்த்தாள். இந்த அக்கா மட்டும் என் அம்மா கொடுத்தனுப்பிய நெய்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். முருகன் படத்துக்கு முன்னால் விளக்குப் போடுவதற்காக அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய் அது.

"யாரு காய்ச்சுனது?"

"அம்மாங்க."

"நல்ல நெய்தான். வழியில மூடி தொறந்து காத்துப் பட்டிருக்கு. பத்து நாளு தாங்காது, தங்கச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அன்றைக்கே அம்மாவின் நெய்யைப் பற்றி ஒருத்தர் இப்படிச் சொன்னால் யாருக்கும் வரும். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. போத்தலோடு தன் காம்பராவுக்குப் போய், நெய்யை உருக்கி, ஒரு வெற்றிலையும் நாலைந்து கராம்பும் போட்டு, வெற்றிலை கறுத்ததும் இறக்கி வடிகட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஐப்பசியில் நடந்தது இது. அந்த நெய் தைப்பூசம் வரைக்கும் முருகனுக்கு எரிந்தது. கடைசிச் சொட்டிலும் சிக்கு வாடை இல்லை.

எதையும் முகர்ந்து பார்க்காமல் அவர் பேசமாட்டார். பார்த்துவிட்டுப் பேசாமலும் இருக்கமாட்டார். பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை அவருக்கு. தாய்மார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். காலையில் ஒவ்வொரு பிள்ளையையும் வாங்கும்போது உச்சந்தலையை, காதின் பின்புறத்தை, கழுத்து மடிப்பை, தொப்புளை முகர்வார். "இதுக்கு ராத்திரி வயிறு சரியில்ல." "இவனுக்குக் கழுத்துல வேர்க்குரு தண்ணி கோத்திருக்கு, மாவைப் போட்டு மூடியிருக்கீங்க." தாய் வெட்கப்பட்டாலும் கோபப்பட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

சாமிக்கும் அவரிடம் விலக்கு இல்லை. ஒரு திருவிழாவில், மாரியம்மன் கோயிலில் தீபாராதனைக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் கையெடுத்து நிற்கும்போது, அவர் விளக்குப் பக்கம் மூக்கை நீட்டி, "பூசாரி, இந்த எண்ணெய் காறிப்போச்சு" என்றார்.

"சாமி காரியத்துல பேசாதீங்க" என்றார் பூசாரி.

"அம்மனுக்கு மூக்கு இல்லைன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

பூசாரி எண்ணெயை மாற்றினார். எனக்கு அப்போது அது அபசாரமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தால், அன்றைக்கு அம்மனை உண்மையாகவே அங்கே இருப்பவளாக நினைத்தது அவர் ஒருத்தர்தான் என்று தோன்றுகிறது.

கராம்பை இரண்டு விதமாக வைத்திருப்பார். ஒன்று, காய்ந்த மொட்டு. மற்றது ஹட்டன் கடையிலிருந்து வாங்கிவரும் தைலம், விரல் நீளப் போத்தலில். தைலத்தை அப்படியே யாருக்கும் பூசமாட்டார். தேங்காயெண்ணெயில் சொட்டுக் கணக்காய் விட்டுத்தான் பூசுவார். குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அடுப்போரம் வைத்து உருக வைத்து, நாலு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கிக்கொண்டே இருப்பார். "மருந்துன்னா கூடப் போட்டா கூட நல்லதுன்னு நெனைக்காதீங்க. இது நெருப்பு" என்பார்.

கங்காணிக்கு அது விளங்கவில்லை. பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு அக்கா பஞ்சில் ஒரு சொட்டு வைத்துக் கொடுத்தார். அதற்குள் ஒரு பிள்ளை தொட்டிலிலிருந்து விழப்போனது, அக்கா ஓடினார். கங்காணி போத்தலை எடுத்து அப்படியே வாய்க்குள் கவிழ்த்துவிட்டார். நாக்கும் கன்னமும் வெந்து, மூன்று நாள், ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் அவர் சத்தமே இல்லை. பெயர் கூப்பிடக் கணக்கப்பிள்ளைதான் வந்தார். கொழுந்தெடுக்கும் பெண்கள் பிள்ளைக்காம்பராவுக்கு வந்து, "அக்கா, மாசம் ஒரு தடவ அவருக்குக் குடுங்க, புண்ணியமாப் போகும்" என்றார்கள். அக்கா சிரிக்கவில்லை. வெந்த வாய்க்குத் தேங்காய்ப்பால் கொண்டுபோய்க் கொடுத்தார்.

டிஸ்பென்சரி மருந்தையா ஒருநாள் லயங்களைப் பார்வையிட வந்தார். அக்காவின் அடுப்புக்கு மேலே பலகையில் இரண்டு போத்தல் தேங்காயெண்ணெய் இருந்தது. ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

"இது என்ன, ரெண்டு வச்சிருக்க?"

"ஒரே நாள்ல வாங்குன எண்ணெய்ங்கய்யா. நூலு கட்டுனதுல தைலம் நாலு சொட்டு விட்டேன். மத்ததுல விடல. மழைக்காலம் ஒண்ணு, வெயில் காலம் ஒண்ணு போயிருச்சு. மோந்து பாருங்க."

மருந்தையா முகர்ந்தார். ஒன்றுக்கு முகத்தைச் சுளித்தார். நூல் கட்டியதை இரண்டு தடவை முகர்ந்தார்.

"புது எண்ணெய் மாதிரி இருக்கு. படிச்சவங்க பரிசோதனைன்னு சொல்றது இதைத்தான்" என்றார். பிறகு எங்களுக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். "எண்ணெயைக் கெடுக்கிறது காத்து. காத்துல உள்ள ஒரு சத்து உள்ள எறங்கி கொஞ்சம் கொஞ்சமாச் சிக்காக்கிடும். கராம்புல ஒரு சாரம் இருக்கு. அது முன்னால போய் நின்னு அந்த அடியைத் தான் வாங்கிக்கும். எண்ணெய் தப்பிச்சுக்கும். புண்ணுல இருக்கிற கிருமியையும் அதே சாரம் அடக்கும்."

"எல்லாக் கிருமியுமாங்கய்யா?" என்றார் அக்கா.

"மேலோட்டமா இருக்கிறதத்தான். உள்ள எறங்குன சீழுக்கு இது எட்டாது. அதுக்கு என்கிட்ட வரணும்."

எண்ணெயைக் காக்கவும் புண்ணை ஆற்றவும் ஒரு சின்ன மொட்டுக்குள் இதை யார் வைத்தது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. முருகா என்று கையெடுத்தேன். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, "சாமி வச்சாரு, சரி. எத்தன சொட்டுன்னு நம்மதான பாத்துக்கணும்" என்றார்.

அவருக்குப் புருஷன் இருந்திருக்கிறார். நான் வருவதற்கு முந்திய காலம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிக் காலில் பட்டிருக்கிறது. இதை அவர் ஒரு மழைநாளில், பிள்ளைத்துணி மடித்துக்கொண்டே சொன்னார். "நாலாம் நாளு எனக்கு வாடை தெரிஞ்சுச்சு. அவரு ஒண்ணும் இல்லன்னாரு. சிரிச்ச முகமா இருந்தாரு. நான் வாயைத் தொறக்கல, தங்கச்சி. சொன்னா உண்மையாப் போயிருமோன்னு பயம்." துணியை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அந்தப் புண்ணாலேயே புருஷன் செத்துப்போனார் என்று பிறகு லயத்தில் சொன்னார்கள்.

எனக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. பிறந்ததிலிருந்தே நெஞ்சுச் சளி. அவளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, மழையில் மலை ஏறி, நடுநடுவே பால் கொடுக்க இறங்கி வருவது என்னால் முடியாது என்று வீட்டுக்காரர் ஸ்டோரில் பேசினார். எங்கள் பேச்சில் ஸ்டோர் என்றால் தேயிலைப் பேக்டரி. அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான டீமேக்கர் யாழ்ப்பாணத்து மனிதர். என் விரல்கள் மெலிந்தவை என்று பார்த்துக் குச்சி பொறுக்க எடுத்துக்கொண்டார். காய்ந்த தேயிலையைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து, அதிலுள்ள சிவப்புக் குச்சிகளைப் பொறுக்கி எடுக்கிற வேலை. மேலே கூரை உண்டு. எதிரே ஐம்பது அடி தூரத்தில் பிள்ளைக்காம்பரா. பால் நேரத்துக்கு அக்காவே பிள்ளையைக் கொண்டுவந்து வாசலில் தருவார். முருகன் எனக்காகக் கட்டி வைத்த இடம் என்றுதான் நினைத்தேன்.

அங்கே ஒரே ஒரு கட்டுப்பாடு. வாசனை கூடாது. தலையில் பூ கூடாது, வாசனைச் சவர்க்காரம் கூடாது, சந்தனம் கூடாது. திருநீறு மட்டும் பூசலாம்.

மூன்று மாதம் நன்றாகப் போனது. வைகாசியில் எனக்கு நகச்சுற்று வந்தது. வலது கை ஆள்காட்டி விரல் வீங்கி, நகத்தோரம் மஞ்சளாகக் கோத்து, இதயம் அங்கே வந்து துடிப்பது போல் இருந்தது. அக்கா முகர்ந்தார். ஊசியை நெருப்பில் காட்டிக் குத்தி, சுடு உப்புத் தண்ணீரில் கழுவி, தைலம் கலந்த எண்ணெய் போட்டுச் சீலை சுற்றினார். கொஞ்சம் தைலத்தை ஒரு சின்னப் போத்தலில் ஊற்றி என்னிடமே கொடுத்தார்.

"நாலு சொட்டு அளவு தெரியுமில்ல. நாலு நாளைக்கு ஸ்டோருக்குப் போகாத."

"போகாட்டி என் எடத்துல வேற ஆளு உக்கார வச்சிருவாங்கக்கா. பெறகு நான் மலைக்குத்தான் போகணும். புள்ள தாங்காது."

"நானே டீமேக்கர் ஐயாகிட்டச் சொல்றேன். ஆனா போகாத. தேயிலை மாதிரி வாசத்தைக் குடிக்கிற சாமான் வேற இல்ல. பூ வச்சுக்கிட்டுப் போனாலே அதுக்குத் தெரியும். இது கராம்பு."

நான் கேட்கவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், தேசிக்காய்ச் சாறு போட்டுத் தேய்த்தேன். எனக்கு வாசம் தெரியவில்லை. அந்த வாசத்திலேயே தூங்கி விழிக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? முருகனைக் கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் மத்தியானம் டீமேக்கர் வழக்கம்போல் வந்து குவியலில் ஒரு கைப்பிடி அள்ளி, அதற்குள் வாயால் ஊதி, மூக்கை வைத்தார். தலையை நிமிர்த்தினார். இன்னொரு கைப்பிடி அள்ளினார்.

"இதென்ன மணம்? ஆர் என்ன பூசிக்கொண்டு வந்தது?"

நாங்கள் பன்னிரண்டு பேர். எல்லோரும் குச்சி பொறுக்குவது போல் குனிந்துகொண்டோம். "துரைக்கு இனி மசாலாத் தேத்தண்ணிதான்" என்று யாரோ கிசுகிசுத்து, இரண்டு பேர் சிரித்து அடக்கினார்கள். குவியல் முழுவதையும் ஒதுக்கச் சொன்னார். எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு கையாக முகர்ந்தார். நாலாவது கையில் நிறுத்திவிட்டார்.

"என்ர மூக்கு முழுக்கக் கராம்பு ஏறிப்போச்சு. இனி எனக்கு ஒண்டும் தெரியாது. அந்த ஆயாவைக் கூப்பிடுங்கோ."

பால் நேரம் அது. அக்கா என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வந்தார்.

"உன்ர சாமான்தானே இது. நீயே மணந்து பார்த்துச் சொல்லு, ஆர் எண்டு."

என் கை சேலைக்குள் இருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தினமும் வாசலுக்கு வருகிறவர் அவர். அவர் கையிலும் அதே வாசம். 'என் கையிலருந்துதாங்கய்யா வந்திருக்கும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். அவரைத் திட்டுவார்கள், அதோடு போய்விடும். எனக்கு இடம் நிலைக்கும். அதைத்தான் நான் வேண்டிக்கொண்டேன். கண்ணை மூடி, முருகா, அந்த அக்கா வாயிலிருந்து ஒரு பொய் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமியிடம் நான் அப்படிக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவர் முதல் ஆளிலிருந்து வந்தார். "கருவாடு, நேத்தைய கருவாடு." அடுத்தவள். "வெத்தலை. மாமியாருக்குத் தெரியாமப் போடுறா." வரிசை சிரித்தது. "மண்ணெண்ணெய்." "ஒண்ணும் இல்ல, நல்லாக் கழுவியிருக்கா." என்னிடம் வந்தார். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை நீட்டியது.

"கையைக் குடு."

கொடுத்தேன். குனிந்து முகர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத் திருப்பி, நகத்தோரத்தை அழுத்தி, மறுபடி முகர்ந்தார்.

"இதுதாங்கய்யா" என்றார். உடனே, அதுதான் பெரிய செய்தி என்பது போல, "சீழ் வாடை துளிகூட இல்ல. ஆறிருச்சு" என்றார்.

பிள்ளையை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த நாளிலிருந்து மலைக்குப் போகும்படி டீமேக்கர் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில், சுவருக்கு மேலாக அவர் குரல் வந்தது. "தங்கச்சி, விரலைக் கட்டி வைக்காத. காத்தாட விடு."

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கு உன் புள்ளைக்கு ஒண்ணுன்னு நான் சொன்னா நீ நம்பணும்ல. அதுக்குத்தான்" என்றார்.

இனி அவரோடு பேச்சே இல்லை என்று முடிவு செய்தேன். கூரைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சாக்கால் அடைக்கச் சொல்லி வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் அடைத்தார். வாசம் சாக்கின் வழியாகவும் வந்தது.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. ஆனியும் ஆடியும் எங்கள் பக்கம் வானம் என்று ஒன்று இருக்காது. மலையும் மேகமும் ஒன்றாகிக் கிடக்கும். தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவளின் கை மட்டும் தெரியும். கனவில் யாரோ கொழுந்து கிள்ளுவது போல் இருக்கும். காலையில் பிள்ளையைக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வேறு ஆயா கிடையாதே. அவர் வழக்கம்போல் உச்சியை முகர்ந்து வாங்கிக்கொள்வார். மூன்று மாதம் இப்படியே போனது.

ஒருநாள் மத்தியானம் பால் கொடுக்க இறங்கி வந்தபோது என் கம்பளியிலிருந்து ஒரு அட்டை பிள்ளைமேல் ஏறியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. காதின் பின்னால் கடித்துக் குடித்துவிட்டு விழுந்திருக்கிறது. பிள்ளை நகத்தால் பிராண்டி அந்த இடம் சிவந்து வீங்கியது. அக்காவிடம் கேட்க எனக்கு மனமில்லை. அவர் கொடுத்த சின்னப் போத்தலில் தைலம் மீதி இருந்தது. அளவு தெரியும். நானே கலந்து பூசினேன்.

மறுநாள் காலை பிள்ளையை வாங்கி முகர்ந்தவர், பிள்ளையிடமே பேசினார். "உங்கம்மா தைலம் போடுறா போலருக்கு. நாலு சொட்டுக்கு மேல போக வேணாம்னு சொல்லு, கண்ணு."

நானும் பிள்ளையிடமே சொன்னேன். "அளவெல்லாம் எங்களுக்கும் தெரியும்னு சொல்லும்மா."

"தெரிஞ்சா சரின்னு சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலைந்து நாளில் புண் காய்ந்து பொருக்குக் கட்டியது. எனக்குள்ளே பெருமை. அவர் இல்லாமலே ஆற்றிவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை விளக்கில் ஒரு திரி கூடப் போட்டேன்.

அதற்கு மறுநாள் மழை சாய்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் மேல் மலையில் இருந்தோம். கீழே பாதையில் யாரோ ஏறி வருவது தெரிந்தது. முதலில் ஒரு கறுப்புப் புள்ளி. பிறகு ஒரு கம்பளி. பிறகு அந்த மூக்குத்தி. மற்றப் பிள்ளைகளை உதவிக்காரியிடம் விட்டுவிட்டு, என் பிள்ளையைக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டு அக்கா ஏறி வந்தார். அவர் மலை ஏறி நான் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கியது.

இந்தத் தடவை பிள்ளையிடம் பேசவில்லை. என்னிடமே பேசினார்.

"மேல காஞ்சிருக்கு. உள்ள எறங்கிருச்சு. காதுக்குப் பின்னால வாடை வருது. இனிமே தைலம் போடாத, அது எட்டாத எடம். எறங்கு. மருந்தையாகிட்டப் போ."

நான் பிள்ளையைப் பார்த்தேன். சிரித்தது. உடம்பு சுடவில்லை. காலையில் பால் நன்றாகக் குடித்திருந்தது. பொருக்கு அழகாகக் காய்ந்திருந்தது. நானும் முகர்ந்தேன், கராம்பும் பால் வாடையும்தான் வந்தன.

"காஞ்ச புண்ணுக்கா மழையில இவ்வளவு தூரம்?" என்றாள் ஒருத்தி.

"எறங்கிப் போனா இன்னைக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல, ஆமா" என்றார் கங்காணி.

"அக்காவுக்கு இவமேல கோவம். கொழுந்து எடுக்க விடாமப் பண்றாங்க" என்றாள் இன்னொருத்தி.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மழை அவர் மூக்கில் இறங்கிச் சொட்டியது. ஸ்டோரில் என் கையைப் பிடித்துக்கொண்டு 'இதுதாங்கய்யா' என்று சொன்ன குரல் எனக்குக் கேட்டது. எனக்காக ஒரு பொய் சொல்லாத வாய் எனக்கு எதிராகவும் ஒரு பொய் சொல்லாது. அது எனக்கு அந்த இடத்தில், அந்த மழையில், பட்டென்று தெரிந்தது. கூடையை இறக்கி வைத்தேன்.

மருந்தையா காதின் பின்புறத்தை அழுத்தினார். நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தத்தில் பிள்ளை அலறியது. பொருக்குக்கு அடியிலிருந்து மஞ்சளாக வந்தது. அவர் முகம் மாறியது. "எலும்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. இதுக்குப் போட வேண்டிய ஊசி என்கிட்ட இல்ல. ஹட்டன் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே கொண்டு போங்க."

தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஹட்டன் ஸ்டேஷனுக்குப் புறப்பட நின்றது. நான் ஓடிப்போய் நின்றபோது எனக்கே தெரிந்தது, பிள்ளையின் தலை முழுவதும் கராம்பு. டீமேக்கர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.

"பெட்டிக்குள்ள ஈயத்தாள் போட்டிருக்கு. ஒண்டும் ஆகாது. முன்னால ஏறு பிள்ளை, கெதியா" என்றார்.

ஆஸ்பத்திரியில் கீறிச் சீழை எடுத்தார்கள். எட்டு நாள் ஊசி போட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் தலைக்குள் போயிருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். எட்டு நாளும் கந்தசஷ்டி விரதம் போல ஒரு நேரம்தான் சாப்பிட்டேன். சாமியிடம் அந்தப் பழைய வேண்டுதலுக்கு மன்னிப்புக் கேட்டேன். நல்லவேளை, நான் கேட்டதை அவன் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கி, லயத்துக்கு ஏறினோம். மழை விட்டு, பனி மெல்ல எழும்பிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் விழும் பீலியில் குடத்தை வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நான் நேராகப் போய்ப் பிள்ளையை நீட்டினேன். கட்டை மெதுவாக விலக்கி முகர்ந்தார். ரொம்ப நேரம் முகர்ந்தார்.

"ஆஸ்பத்திரி வாடை. வேற ஒண்ணும் இல்ல" என்றார். கட்டை மறுபடி சரிசெய்துகொண்டே, என்னைப் பார்க்காமல், "மலை ஏறுறப்போ பேசாத ஆளு, நீ நம்ப மாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார்.

"என்னையே புடிச்சுக் குடுத்த மூக்கு அது. அதை நம்பாம வேற எதைக்கா நம்புறது?"

அவர் சிரித்துவிட்டார். வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிள்ளை திடுக்கிட்டு அவரைப் பார்த்தது. சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அவ்வளவு நம்புறவ ஏன்டி மூணு மாசம் என்கூடப் பேசல?"

"அது வேற, இது வேறக்கா."

அதையும் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பவர் போல மூக்கைச் சுருக்கினார்.

"சரி" என்றார்.